போகுமுன்பே திரும்பி வந்த சிங்கம்

ஒரு இளைஞர் தொண்டு நிறுவனம் என்னை ஒரு வார முகாமுக்கு ஜெர்மனி அனுப்பப் பார்க்கிறது. ஒரே சிக்கல், நான் கண்டிப்பாகத் திரும்பி வருவேன் என்று தூதரகம் நம்பினால்தான் விசா.

அதை விசாரிக்க நிறுவனத்து அக்கா இன்று திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருமுனையில் பசங்க வைத்த பேனர்: "ஜெர்மனியில் குடியேறும் சிங்கமே!"

"இன்னாடா இது?"

"பாசம்க்கா," என்றான் என் தோஸ்து டில்லி. "வெள்ளக்காரப் பொண்ணக் கட்டிகினு அங்கயே செட்டிலாயிடுவான்."

"டேய், திரும்பி வந்தாதான்டா அவன அனுப்புவாங்க!"

டில்லி அலறியடித்து ஓடினான். சாயங்காலமே புது பேனர்: "ஜெர்மனி சென்று திரும்பிய சிங்கமே, வருக!"

அக்கா அதைப் போட்டோ எடுத்து விசா விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார்.

இப்போது பக்கத்து வீட்டு அத்தை கதவைத் தட்டுகிறார். "நைனா, ஃபாரின் சாக்லேட் எங்கடா?"

இன்னா சொல்றது? நீங்களே சொல்லுங்க.