நிஸ்மியா மாற்றிய பெயர்

எங்கள் தொடர்பாடல் துறையில் நிஸ்மியாவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘கத்தரிக்கோல்’. தாங்கள் பேட்டி கண்ட ஆளின் உண்மைப் பெயரை யாராவது ஒப்படையில் எழுதிவிட்டால் போதும், புள்ளியில் பாதி போய்விடும். “ஒரு மனிசன் உங்கள நம்பி வாயைத் திறந்தா, அவர்ர பேரை நீங்க பூட்டி வைக்கணும்” என்பாள். ஆய்வு முறையியலின் முதல் வகுப்பிலும் இதுதான், கடைசி வகுப்பிலும் இதுதான். நான் அவளுக்கு அடுத்த மேசைக்காரி. ஒரே மின்விசிறிக்குக் கீழே பல வருடமாக இருவரும் வேகிறோம். அவளைப் பற்றிப் பேச வேறு யாருக்கும் என்னளவு உரிமை இல்லை.

நிஸ்மியா காத்தான்குடிக்காரி. வாப்பா அசனார் புடைவைக் கடையில் துணி கிழித்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். மகள் பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பிக்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் மனிதர் திண்டாடிப் போவார். தொடர்பாடல் என்றால் யாருக்கு விளங்கும்? “மகள் டீவியில வருவாவா?” என்று கேட்பார்கள். “வரமாட்டா. டீவியில வாறவங்களுக்குப் பாடம் எடுக்கிறா” என்று சமாளித்துவிடுவார். உண்மையில் அவளுக்கு டீவியில் அக்கறையே இல்லை. மின்சாரமும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை என்றால் ஒரு ஊர் எப்படிச் செய்தி சொல்லிக்கொள்ளும் என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி.

கலாநிதிப் பட்டத்துக்கும் அதையே எடுத்தாள். சுனாமி அடித்த பிறகு, காணாமல் போனவர்களைத் தேடும் செய்தி வாவியோர ஊர்களுக்குள் எப்படிப் போய் வந்தது என்பது தலைப்பு. கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, முகாம் சுவரில் ஒட்டிய தாள், பஸ் கண்டக்டர், மீன் வியாபாரி என்று ஒவ்வொன்றாகத் துருவினாள். சனிக்கிழமை வந்தால் ரெக்கோடரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அப்படிப் போன ஒரு நாள்தான் பனிச்சங்கேணியில் திரேசம்மாவைச் சந்தித்தாள்.

திரேசம்மாவின் கணவர் யோசேப்பின் உடல் கடல் வந்த மறுநாளே கிடைத்தது. ஐந்து வயது மகன் சுலக்ஷன் கிடைக்கவில்லை. சிவப்புக் காற்சட்டை போட்ட ஒரு பிள்ளையை யாரோ ஒரு பெண் தூக்கிக்கொண்டு வான் வண்டியொன்றில் ஏறியதைக் கண்டதாக மீன் வியாபாரி ஒருவர் சொன்னார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் திரேசம்மா இருபது வருடத்தையும் தள்ளியிருக்கிறார். ஊரில் நினைவுக்கல் வைத்தபோது கணவரின் பெயரை வெட்ட விட்டார், மகனுடையதை விடவில்லை. காணாமல் போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் நவம்பரில் பூசை வைக்கும்போது வாசிக்கிற பெயர்களிலும் அவனைச் சேர்க்க விடவில்லை. “செத்தவங்கட பேரோட என்ட புள்ளட பேரை வாசிக்கப்படாது ஃபாதர்” என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவர் நிஸ்மியாவிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசினார். ஏன் பேசினார் என்பதும் அந்த ஒலிப்பதிவிலேயே இருக்கிறது, நான் கேட்டிருக்கிறேன்.

“இது தேடுறவங்கட புத்தகம் எண்டுதானே சொன்னீங்க மகள்?”

“ஓம் அம்மா.”

“அப்ப அவன்ட பேர் அதில இரிக்கட்டும். எங்கயாவது வளந்து படிச்சிருப்பான். ஒருநாள் கையில எடுத்து வாசிச்சா, தன்ட பேர் அவனுக்கு ஞாபகம் வரும்தானே.”

சம்மதப் படிவத்தை நிஸ்மியா வரி வரியாக வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாள். பெயர்கள் மாற்றப்படும் என்று அதில் தெளிவாக இருந்தது. திரேசம்மா தன்னுடைய பெயரைத்தான் மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையின் பெயரை யாராவது மாற்றுவார்கள் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்? பூட்டி வைத்துப் பழகிப்போன நிஸ்மியாவுக்கோ, தாயின் பெயரோடு பிள்ளையின் பெயரும் போகும் என்பதில் கேள்வியே இருக்கவில்லை. ஆய்வேட்டில் சுலக்ஷன் ‘மதுஷன்’ ஆனான்.

பட்டம் கிடைத்தது. எங்கள் துறை அதைத் தமிழில் புத்தகமாகப் போட முடிவு செய்தது. அச்சுக்குப் போகுமுன், பேசிய ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டவேண்டும் என்று நிஸ்மியா பிடிவாதமாக நின்றாள். முறையியல் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. மற்றவர்கள் நாங்கள் தேர்வில் எழுதிப் புள்ளி வாங்குவதோடு அதை விட்டுவிடுவோம், அவள் விடமாட்டாள். பனிச்சங்கேணிக்கு நானும் கூடப் போனேன்.

திரேசம்மா எங்களுக்காக நல்ல சேலை உடுத்தியிருந்தார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கதிரைகளில் எங்களை இருத்தி, பிளேன்டீ தந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நிஸ்மியா வாசிக்கத் தொடங்கினாள். மதுஷனின் தாய் தெருவில் வந்த ஒவ்வொரு வானையும் மறித்தது, மதுஷனின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லிக் கெஞ்சியது எல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தாள்.  வாசித்து முடியும்வரை பொறுத்திருந்து திரேசம்மா கேட்டார்.

“மதுஷன் ஆரு மகள்?”

நிஸ்மியா விளக்கினாள். பாதுகாப்பு என்றாள், நெறிமுறை என்றாள், படிவத்தைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் அரை மணி நேரம் தடங்கலில்லாமல் வருகிற அதே பேச்சு அன்றைக்கு நாலு வசனத்தில் நின்றுபோனது.

“இது வேற ஆர்ரயோ புள்ளைட கதை” என்றார் திரேசம்மா. “என்ட புள்ள எங்க?”

 மறுநாள் அலுவலகத்தில் நிஸ்மியா அந்தப் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். ‘அவன்ட பேர் அதில இரிக்கட்டும்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். “நான் இதைக் கேட்டுத்தானே எழுத்தாக்கினேன் டினோஷா. அப்ப என்ட காது எங்க போச்சு?” என்றாள்.  காது கேட்கிறதைப் பற்றித்தான் நாங்கள் இருவரும் சம்பளம் வாங்கிப் படிப்பிக்கிறோம்.

பெயரைத் திரும்பப் போட அனுமதி கேட்டு ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போனாள். தலைவர் பேராசிரியர் தங்கராசா கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். அவளை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, மெதுவாகத்தான் சொன்னார்.

“தாயின் பெயரைப் போட அவ சம்மதிச்சாப் போதும். பிள்ளை வேற ஆள், நிஸ்மியா. அவர் உயிரோட இருந்தா அவர்ர சம்மதம் வேணும். இல்லையெண்டா மரணச் சான்றிதழ் வேணும். விதி அப்படித்தானே.”

விதி அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர், சிறுவர்களின் பெயர்கள் ஆய்வுகளில் அநியாயத்துக்கு வெளிவருகின்றன என்று சண்டை பிடித்து, அந்த விதியை எழுதிக் கொடுத்தவளே நிஸ்மியாதான். நான் அந்த அறையில் நல்ல வார்த்தை பேசவில்லை. இருபது வருடமாகக் காணாத பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஸ்மியா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

போனில் சொல்லிவிடு என்றேன். கேட்கவில்லை. “முகத்தைப் பாத்துக் கேட்டுட்டு மாத்துனவள் நான். முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும்” என்றாள். மறுபடியும் பனிச்சங்கேணிக்குப் போனோம். இந்தமுறை திரேசம்மா வீட்டு உடையில் வெளியே கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நிஸ்மியா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“மரணச் சேட்டிபிகேட் எடுத்துத் தந்தா அவன்ட பேரைப் போடுவாங்களா?” என்று திரேசம்மா கேட்டார்.

“ஓம் அம்மா.”

“செத்தவன்ட பேராத்தானே?”

நிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். திரேசம்மா காய்கிற கருவாட்டைப் புரட்டிப் போட்டார். கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

“நீங்க வச்ச பேர் என்ன மகள்? திருப்பிச் சொல்லுங்க.”

“மதுஷன்.”

“மதுஷன்” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு வராத சொல்லைப் போல இன்னொரு தடவையும் சொன்னார். “அவனைத் தூக்கிட்டுப் போனவளும் வேற பேர்தான் வச்சிருப்பா. அதுக்கு அவன் ஓம் எண்டு திரும்பிப் பாத்துப் பழகியிருப்பான். அந்தப் பேரே இரிக்கட்டும். வேற பேரோடயாவது உசிரோட இரிக்கட்டும்.”

நிஸ்மியா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். அவளை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. திரேசம்மாதான் பக்கத்தில் குந்தி அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

புத்தகம் டிசம்பரில் வந்தது. அழைப்பிதழ், பொன்னாடை, பேச்சு எல்லாம் நடந்தன. நிஸ்மியா மேடையில் ஏறவில்லை, கடைசி வரிசையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இந்த வருடம் ஆய்வு முறையியல் பாடத்தை என்னிடம் தள்ளிவிட்டாள். 

திரேசம்மா மாதத்தில் ஒரு தடவையாவது அவளுக்குப் போன் எடுக்கிறார். நான் பக்கத்து மேசையில் இருப்பதால் எனக்கும் கேட்கும். சுகம் விசாரிப்பார், சாப்பிட்டாளா என்று கேட்பார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “புத்தகத்தப் பாத்துட்டு மதுஷன் எண்டு ஆராவது விசாரிச்சாங்களா மகள்?” என்பார்.

“இன்னும் இல்லம்மா” என்கிறாள் நிஸ்மியா.