அத்தை எடுத்துப்போன அரைப்பெட்டி

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் 'வெள்ளைக்காரி'. நிறத்தால் வந்த பெயரில்லை. அவள் கொடியில் போட்ட துணியின் வெளுப்பால் வந்தது. ஒரு பக்கெட்டும் குழாயடியும் போதும், எந்தக் கறையையும் விடமாட்டாள்.

அந்தப் பெயரைக் கெடுத்தவள் நாத்தனார். வெளிநாட்டில் குடியிருப்பவள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்குவாள். வரும்போதே ஒரு அட்டைப்பெட்டி 'டெல்ஃபா' பவுடர் கொண்டுவருவாள். டெல்ஃபா இங்கேயும் கடையில் கிடைத்தது. அதே பெயர், அதே பச்சை எழுத்து.

"இங்க விக்கிறதெல்லாம் டூப்பு. அங்க உள்ளதுதான் ஒரிஜினல். எங்க துணிய இதுலயே துவை."

அந்த ஒரிஜினல், பக்கெட்டில் நுரைக்கவே நுரைக்காது. வெள்ளைக்காரி இன்னும் அள்ளிப் போடுவாள், இன்னும் கசக்குவாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து எரியும். காலர் அழுக்கு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை விருந்தாளிகள் நடுவே நாத்தனார் அந்தக் காலரைத் தூக்கிப் பிடித்தாள். "துவைக்கத் தெரியலைன்னா பவுடர் என்ன பண்ணும்?" கூடமே சிரித்தது. கணவரும் சிரித்தார். நாத்தனாரை விட அந்தச் சிரிப்பைத்தான் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மகள் வேதியியல் படித்து சோப்புக் கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்தாள். ஒருநாள் இரண்டு நாட்டு டெல்ஃபாவையும் சோதித்துவிட்டு வந்து சொன்னாள்.

"பேரு ஒண்ணு, சரக்கு வேறம்மா. அங்க உள்ளது வெந்நீர் ஓடுற மிஷினுக்கு. நுரை வராம இருக்கவே மருந்து சேர்க்கிறாங்க. வெறுங்கையால தொடவே கூடாது. வேடிக்கை என்னன்னா, அதே சரக்கு இன்னொரு நாட்டுல 'மில்வா'ன்னு விக்குது."

அவள் தன் விரல்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, நம்ம பவுடர அவ மிஷின்ல போட்டா?"

"பவுடர் போடுற தட்டு வழியா நுரை பொங்கிரும். சமையலறை முழுக்க."

அவள் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். அந்த இருமல் பிறகு நிற்கவேயில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க நாத்தனார் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூன்று நாள் இருந்தாள். கிளம்பும்போது கேட்டாள்: "ஏண்டி, போன தடவ பாதிப் பெட்டி டெல்ஃபா விட்டுட்டுப் போனேனே, இருக்கா? இனிமே இங்க யார் துவைக்கப் போறா? வீணாப் போகுமே."

மகளுக்கு ரத்தம் கொதித்தது. பரணில் ஏறினாள். பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தாள்.

வெளிநாட்டு டெல்ஃபா வெறும் வெள்ளை. இதில் நீலப் பொட்டுகள் இருந்தன. உள்ளூர்ப் பவுடர். நாத்தனார் விட்டுப்போனதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கடைச் சரக்கை அதே அளவுக்கு நிரப்பி வைத்திருந்தாள் அம்மா. மிச்சத்தைக் கேட்காமல் போகமாட்டாள் என்பது அவளுக்கு அத்துப்படி.

சொல்லிவிட ஒரு வாய்ப்பு இருந்தது. மகள் டேப் ரோலைத் தேடி எடுத்தாள். மூடியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டினாள்.

"நல்லா ஒட்டிருக்கேன் அத்தை. சூட்கேஸுக்குள்ள சிந்தாது."

"அம்மாவ மாதிரி இல்லாம நீயாவது பொறுப்பா இருக்கியே."

அடுத்த வாரம் ஃபோன் வந்தது. பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி பவுடர் இது? வீடெல்லாம் நுரை! கீழ் வீட்டுக் கூரை ஒழுகுதாம், சண்டைக்கு வந்து நிக்கிறான்!"

"நீங்க கொண்டுவந்த பெட்டிதானே அத்தை, ஒரிஜினல். துவைக்கத் தெரியலைன்னா பவுடர் என்ன பண்ணும்?"

அந்தப் பக்கம் அத்தை யாரிடமோ துடைக்கத் துணி எடுத்துவரச் சொன்னாள்.

"நுரை எவ்வளவு உயரம் அத்தை? கணுக்காலா, முழங்காலா?"

ஃபோன் வைக்கப்பட்டது. மகள் கையிலிருந்த ஃபோனையே பார்த்தபடி நின்றாள். அது அம்மா கேட்டிருக்கவேண்டிய கேள்வி. பதில் கிடைத்திருந்தாலும் போய்ச் சொல்ல ஆளில்லை.