போறன் என்று சொல்லும் பொத்தான்

அந்தக் கணினி விளையாட்டின் விலையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு குடும்பம் வயிறாரக் கொத்துரொட்டி சாப்பிடக்கூடிய காசு. அது எவ்வளவு நேரத்தில் முடியும் என்று மகள் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாப்பது நிமிசம் வரும் அம்மா."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. முடிஞ்சிடும்."

நான் வரவேற்பறையில் மணவறைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கிழமை நாட்களில் சோபாவுக்கு வேலை இல்லை. துணிகளும் பிளாஸ்டிக் பூச்சரங்களும் அதில் இருக்கும், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நம்மவர் கலியாணம் என்றால் மணவறைச் சோடினை அனேகமாக என்னுடையதுதான். கணவர் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து தூண் தூக்குவார், ஏணி பிடிப்பார். பாராட்டு மட்டும் எனக்கு.

"சுடுறது இல்லையோ?"

"இல்லை."

"ஓடுறது, பாயிறது, வெல்லுறது?"

"ஒண்டுமில்லை. ஒரு வீட்டுக்குப் போறம். குசினியில இருந்து கதைக்கிறம். தேத்தண்ணி குடிக்கிறம். அவ்வளவுதான்."

இல்லாத தேத்தண்ணியைக் கணினிக்குள் குடிப்பதற்குக் காசு! எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதைச் செய்தவன் பகல் கொள்ளைக்காரன். அவனைப் பிடிச்சு உள்ளுக்குப் போடோணும்" என்றேன்.

"செய்தவன் இல்லை அம்மா. செய்தவள். நானும் இன்னொரு பிள்ளையும்."

நான் அவளைப் பார்த்தபடியே நின்றேன். வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே நிரந்தர வேலையும் எடுத்து, சனங்களிடம் நான் சொல்லிச் சொல்லி வாய் உளைந்த பிள்ளை. பொழுதுபோக்காகச் செய்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் அவள் இடம் தரவில்லை.

"வங்கி வேலையை விட்டிட்டன். வாற மாதம் லைப்சிக் போறன். அங்கை ரெண்டு பேருமாச் சேர்ந்து இதைத்தான் செய்யப் போறம்."

துணி கருகும் மணம் வந்த பிறகுதான் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்ததே நினைவுக்கு வந்தது. சிவப்புப் பட்டின் நடுவே ஒரு கறுப்பு முக்கோணம். அந்தத் துணி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கருகின இடத்தை மாலையால் மறைத்துக் கட்டுகிறேன்.

அதன் பிறகு நான் பேசியது எல்லாவற்றையும் இங்கே எழுத ஏலாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதத்தான் வேண்டும். "போறதெண்டால் போ. ஆனா போட்டு வா எண்டு என்ர வாயால சொல்ல மாட்டன்."

எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. வாசலில் நின்று போறன் என்று சொன்னால் திரும்பி வராத போக்கு. போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே நிற்பவர் போட்டு வா என்று விடை கொடுக்க வேண்டும். இவள் ஜேர்மனியில் பிறந்தவள். தலைக்குள் ஜேர்மன் ஓட, சின்ன வயதில் புத்தகப் பையைக் கொழுவிக்கொண்டு "அம்மா, நான் போறன்" என்று கத்திவிட்டுப் படியால் இறங்கிவிடுவாள். நான் விடமாட்டேன். "என்னெண்டு சொல்லுறது?" என்று மேலே நின்று கேட்பேன். பஸ் போனாலும் பரவாயில்லை, அவள் திரும்ப ஏறிவந்து ஒழுங்காகச் சொன்ன பிறகுதான் என் விடை கிடைக்கும். அந்த விடையைத்தான் நான் இப்போது தரமாட்டேன் என்றேன். அது அவளுக்கும் விளங்கியது. முகம் சிவந்துபோனது.

"சரி, ஏசுங்கோ. ஒருக்கா விளையாடிப் பாத்திட்டு ஏசுங்கோ" என்றாள்.

மடிக்கணினியை மேசையில் வைத்து, மவுஸை என் கையில் தந்துவிட்டு, எனக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தாள். இது அவர்களுடைய தொழில்முறையாம். விளையாட்டே தெரியாத ஒருவரைப் பிடித்து விளையாட விடுவார்களாம். செய்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாதாம். நான் எதை அமத்துவது என்று கேட்டேன். பதில் இல்லை. இந்த அலுமாரி திறக்குமா என்று கேட்டேன். பதில் இல்லை. பெற்ற பிள்ளை எனக்குப் பின்னால் கல் மாதிரி இருந்துகொண்டு, நான் தடுமாறுவதைப் பார்த்துக் குறிப்பு எடுக்கிறாள். என்ன வேலையடா இது என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

திரையில் ஒரு குசினி. வெளியே மழை. ஒரு பெண் நிற்கிறாள், முகம் காட்டமாட்டாள், கைகள் மட்டும் தெரியும். அவள் சொல்வது ஜேர்மன் எழுத்தில் வரும். கீழ் வீட்டுக்காரன் காரைக் குறுக்கே விட்டுவிட்டுப் போகிறானாம். சலவை இயந்திரம் துள்ளுகிறதாம். நாங்கள் கோப்பை துடைத்துக் கொடுக்கலாம், லீக்ஸ் வெட்டிக் கொடுக்கலாம், சும்மா யன்னலடியில் இருக்கலாம். யன்னல் திரைச்சீலையின் மடிப்பு ஒழுங்கில்லை என்று நான் சத்தமாகச் சொன்னேன். பின்னால் பேனை ஓடும் சத்தம் கேட்டது.

எப்போது உள்ளே போனேன் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் கோப்பைகளை அளவு வாரியாக அடுக்கினேன். கார்க்காரனைப் பற்றி அவள் திரும்பச் சொன்னபோது எனக்கும் அவன்மேல் கோபம் வந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்ததைக் கணவர்தான் ஓடிவந்து இறக்கினார்.

பிறகு குசினிக் கதவு வெளிச்சமானது. அதில் ஒரு பொத்தான், அதன்மேல் ஒரே ஒரு சொல். கேஹென். போவது.

நான் அதை விட்டுவிட்டு மேசைக்கே திரும்பினேன். இன்னும் தேத்தண்ணி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஓம் என்று அமத்தினேன். குடித்தேன். கதவு வெளிச்சமாகவே இருந்தது. திரும்பவும் கேட்டாள். திரும்பவும் ஓம். ஊற்றிக்கொண்டே இருந்தாள். மழையும் விடவில்லை.

கடைசியில் மகள் தன் தொழில்முறையை மறந்தாள். "அம்மா, கதவை அமத்துங்கோ."

"ஏலாது."

"ஏன்?"

"ஒரு வீட்டில வாய் நனைச்சுப்போட்டு, போறன் எண்டு சொல்லுறதோ?"

"அம்மா, அது வெறும் பொத்தான்!"

"உனக்கு வெறும் பொத்தான். வேற சொல் போடு, அமத்துறன்."

"போட்டு வாறன் எண்டதுக்கு ஜேர்மன்ல சொல் இல்லை." அவளுடைய குரல் உடைந்தது. "எத்தினை பேர் விளையாடிப் பாத்தவை. ஒருத்தரும் இப்பிடி அந்தக் கதவில நிக்கேல்லை. முடிவு பாக்காமல் நீங்கள் எப்பிடி அம்மா விலை சொல்லுவீங்கள்?"

விளையாட்டுக்காக ஒரு வளர்ந்த பெண் அழுவாளா என்று நான் அதிர்ந்துபோனேன். அதிர்ந்தாலும் இறங்கவில்லை. "முடிவு பாக்காமலே சொல்லுறன், விலை கூடத்தான்" என்று எழும்பிவிட்டேன்.

அடுத்த நாள் கணவர் விளையாடினார். அவருக்குச் சகுனம், சாத்திரம் ஒன்றும் கிடையாது. கோப்பையும் துடைக்காமல், லீக்ஸும் வெட்டாமல், ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பொத்தானை அமத்தியிருப்பார். நான் நிலவறையில் பூச்சரம் கழுவிக்கொண்டிருந்தேன். படியால் இறங்கி வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீர் கடைசிவரைக்கும் விளையாடும்" என்றார்.

"ஏன், கடைசியில என்ன கிடக்கு?"

"சொன்னால் காசு நட்டம்" என்றுவிட்டு மேலே போய்விட்டார். இந்த மனுசன் எப்போதும் மகள் கட்சி என்று எண்ணி நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தக் கிழமையே ஒரு மாப்பிள்ளையின் தாய் மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொண்டா. "என்ன அக்கா, காலமை கட்டிப் பின்னேரம் கழட்டுறியள். இந்த நாலு மணித்தியாலத்துக்கு இவ்வளவு காசோ?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த நாலு மணித்தியாலத்துக்காக எத்தனை நாள் நிற்கிறோம், பிள்ளைகள் தங்கள் வாழ்நாள் முழுக்க அந்தக் கலியாணப் படத்தைத்தானே பார்க்கப்போகிறார்கள் என்று பொரிந்து தள்ளினேன். ஏணியில் நின்ற கணவர் இருமினார். எனக்குத் தெரியும், அது இருமல் இல்லை.

அவள் போன நாளில் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தகப்பன் சூட்கேசைக் காருக்குக் கொண்டுபோய்விட்டார். அவள் வாசலில் நின்றாள். சப்பாத்துப் போட்டபிறகும் நின்றாள். நான் திரும்பவில்லை.

"அம்மா, நான் போறன்."

வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னெண்டு சொல்லுறது என்று நான் கேட்கவேண்டிய இடம் அது. கேட்கவில்லை. படியால் இறங்கும் சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரைக்கும் கேட்டது. இடையில் ஒருதரம் நின்றது. பிறகு கீழ்க் கதவு அடித்துச் சாத்தியது. அப்போதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

மடிக்கணினியை அவள் விட்டுவிட்டுப் போயிருந்தாள். தகப்பனுக்கு ரயில் ஏறினேன், வந்து சேர்ந்தேன் என்று எழுதினாள். எனக்கு ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை. ஆனால் காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் அந்தக் குசினிக்குள் போய் உட்காரத் தொடங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. துடைத்த கோப்பையையே துடைப்பேன். கார்க்காரனைத் திட்டுவேன். கதவு வெளிச்சமாகும், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பாள், ஓம் என்பேன். நாற்பது நிமிட விளையாட்டு எனக்கு முடியவே இல்லை. குடித்த தேத்தண்ணிக்கு விலையைப் பிரித்தால் ஒரு கோப்பை ஒரு சதமும் வராது. வியாபாரம் தெரியாத பிள்ளை என்று அதற்கும் அவளைத்தான் ஏசினேன்.

பிறகு ஒரு கலியாணம். பொம்பிளை தாயை விட்டுப் புறப்படும் நேரம், நான் மண்டபத்தின் மறுபக்கத்தில் தூண்களைக் கழட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீடு இருப்பது பக்கத்து ஊரில், காரில் ஒரு பாட்டு முடியமுன் போய்விடலாம். அதற்கே அந்தத் தாய் பொம்பிளையின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து "போட்டு வா அம்மா, போட்டு வா" என்று விம்மினா. இதை நான் எத்தனையோ கலியாணத்தில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. கையில் இருந்த பூச்சரத்தைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் காலை மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு தேத்தண்ணி குடித்தேன். கதவு வெளிச்சமானது. வீட்டில் ஒருவரும் இல்லை என்று ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தத் திரைக்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன்: "போட்டு வாறன்." சொல்லிக்கொண்டே கேஹெனை அமத்தினேன். விரல் ஜேர்மனில் போகட்டும், வாய் தமிழில் போகட்டும்.

கதவு திறந்தது. படிக்கட்டு. அந்தக் கைகள் கதவைப் பிடித்தபடி நின்றன. இவ்வளவு நாளும் எழுத்தில் மட்டும் பேசிய பெண் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"போட்டு வா பிள்ளை. கவனம். ஜக்கெற் எடுத்தனியோ?"

என்னுடைய குரல்.

கதிரையோடு பின்னால் தள்ளுண்டேன். வீட்டுக்குள் யாரோ நின்று பேசியதுபோல் சுற்றிப் பார்த்தேன். என் குரலேதான், எடுத்தனியோ என்று கடைசியில் கொஞ்சம் இழுக்கும் இழுவையும் என்னுடையதுதான். கீழே ஜேர்மன் எழுத்து ஒன்றும் வரவில்லை. மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருந்தாள். பிறகு கதவு மெல்லச் சாத்தியது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு பெண்களின் பெயர் வந்தது, முடிந்தது.

உடனே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. ஆகவே வழக்கமானதுதான் வாயில் வந்தது.

"என்ர குரலை ஆரைக் கேட்டு எடுத்தனி?"

மறுபக்கம் ஒரு கதிரை இழுபட்டது. பிறகு, "அமத்தினீங்களோ?" என்றாள்.

"எப்ப சொன்னனான் நான் அப்பிடி?"

"நான் முதல் முதல் லைப்சிக் போன நாள். வங்கிப் பயிற்சி எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான். அண்டைக்கு உங்களுக்கு வேலை, கதவடியில நிக்கேல்லை. பிறகு ஃபோனில குரல் பதிஞ்சு அனுப்பினீங்கள். ரயிலுக்கை இருந்து திருப்பித் திருப்பிக் கேட்டனான்." மூக்கை உறிஞ்சினாள். "அதைக் கேக்கத்தான் அம்மா அந்த விளையாட்டே. நீங்கள் அந்தக் கதவுக்கு வரவே மாட்டன் எண்டிட்டீங்கள்."

சொல்லமாட்டேன் என்று நான் பிடித்து வைத்திருந்ததை எப்போதோ கொடுத்துவிட்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல். நான் குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் கொழுவியில் அவளுடைய ஜக்கெற் தொங்குவது தெரிந்தது.

"வாங்கின ஆக்கள் விலை கூட எண்டு எழுதுகினம் அம்மா" என்றாள். "நாப்பது நிமிசத்துக்கு இவ்வளவோ எண்டு. குறைப்பமோ எண்டு யோசிக்கிறம்."

"ஒரு சதம் குறைச்சியெண்டால் தெரியும்" என்றேன். "அவையளைக் கடைசிவரைக்கும் விளையாடச் சொல்லு."

அவள் சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, ஆக்களைச் சந்திக்க எனக்கு ஒரு டெர்மின் இருக்கு. நான் போறன்."

"என்னெண்டு சொல்லுறது?"

தொலைபேசியில் ஒரு மூச்சு இழுபடுவது கேட்டது. அவள் படியேறித் திரும்பி வருவதற்கு எடுக்கும் அதே நேரம் நான் காத்திருந்தேன்.

"போட்டு வாறன் அம்மா."

"போட்டு வா பிள்ளை" என்றேன்.