பெயரை வெட்டுவதற்கு முன்

கண்டி வாவிக்கரை விடுதியொன்றில் நான் கிளார்க்காக இருந்தபோது ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்து தங்கினார். ஐம்பது வயதிருக்கும். நெட்டையானவர்; ஆண்கள் போடுவது போன்ற சப்பாத்து போட்டிருப்பார். பென்சிலைக் கொண்டையில் செருகிவிட்டு, அதையே மேசையெங்கும் தேடுவார்.

தன் முன்னோரில் ஒரு பெண்ணைப் பற்றி, பழைய பதிவேடுகளின் நகல்களைத் தபாலில் வரவழைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அவள் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் பிறந்தவளாம். அப்படி அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நகலை ஒருநாள் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"வேறு சபைக்காரனைக் கட்டிக்கொண்டாள். சபைப் பதிவேட்டிலிருந்து இவள் பெயரை வெட்டிவிட்டார்கள்."

அந்த மாதம்தான் என் மகள் கெலிஓயாவில் ஒரு சிங்கள வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் அவள் பெயரையே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"வெட்டியது சரிதானே?" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு பெண்களை அவள் வீட்டுக்குப் பேச அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவை போயிருக்கிறார்கள். அன்பாக வரவேற்றாளாம்; வருத்தம் மட்டும் தெரிவிக்கவில்லையாம்."

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"வெள்ளக்காரங்க மூணு தடவ போயிருக்காங்க. நீங்க ஒரு தடவ எட்டிப் பார்த்தீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கெலிஓயாவுக்குப் போனோம். "வாங்கப்பா," என்றாள் மகள். தேத்தண்ணீர் குடித்தோம்.

மறுநாள் வேலைக்குப் போனபோது அந்தப் பெண்மணி கொழும்புக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். என் மகளைப் பற்றி அவரிடம் நான் வாய் திறந்ததே இல்லை. என் வீட்டு விஷயத்தை யாரோ சொல்லித்தான் அந்த நகலை எனக்கு வாசித்தாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.