முதலியார்பேட்டை ஒலிப்பதிவுக் கூடமும் ஒரு ஃப்ரிட்ஜும்

இன்று கடையில் ஃப்ரிட்ஜ் விற்பவர், "சத்தமே வராது சார்" என்றார். எண்பதுகளில் எங்கே போயிருந்தீர்கள் ஐயா?

அப்போது முதலியார்பேட்டையில் என் படுக்கையறைதான் ஆசியாவின் மாபெரும் ஒலிப்பதிவுக் கூடம். ஒரு மைக், ஒரு டேப் ரிக்கார்டர், சுவரெல்லாம் கோணிச் சாக்கு.

பக்கத்து வீட்டு மும்தாஜின் கணவர் பாரிஸில். அவர் இன்னும் பார்க்காத மகளின் மழலையைக் கேசட்டில் அனுப்ப வேண்டும். கொண்டுபோகிறவர் அன்று மாலையே கிளம்புகிறார்.

குழந்தை பேசப் பேச, பதிவில் 'டப்' என்று வெடி. ஃபேனை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைத்தேன், பிளக்கைக்கூட மாற்றினேன். பிறகுதான் பிடித்தேன்: எங்கள் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஒரு டப்!

"நிறுத்திடு" என்றேன் மனைவியிடம்.

"தெருவுல எல்லார் வீட்டு மீனும் நம்ம ஃப்ரிட்ஜுலதான் இருக்குது. கெட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

"எங்க மீனும் உள்ளதான் இருக்குது. போனா போவுது, நிறுத்துங்க அண்ணி" என்றாள் மும்தாஜ்.

நிறுத்தினோம். பளிங்கு மாதிரிப் பதிவு! இமயமலையையே இறக்கி வைத்ததுபோல மூச்சு விட்டேன்.

பாரிஸிலிருந்து பதில் கேசட் வந்தது: "புள்ள மடியில உக்காந்து பேசற மாதிரி இருக்குது. ஆனா நடுவுல, 'ஃப்ரிட்ஜ நிறுத்திட்டீங்களா, எங்க வஞ்சிரம் என்னாவுறது'ன்னு கேக்குற அம்மா யாரு?"

அந்த அம்மையார் இங்கே இருந்தால் கமென்டில் வரவும்.