குரங்குச் சுவர்

நகரத்தை விட்டு வெளியே வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. அங்கே பெரிய சறுக்கின் பாதியில் ஒரு கேமரா இருக்கிறது. ரப்பர்ப் படகு மேலிருந்து தலைகுப்புறப் பாய்கிற நேரத்தில் அது தானாகவே படம் பிடித்துவிடும். கீழே ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறவர்களுக்கு அந்தப் படத்தைத் திரையில் காட்டி, பிடித்திருந்தால் அச்சடித்து அட்டையில் வைத்துக் கொடுப்பது படக்காரனின் வேலை.

வேலையில் மனுஷன் கெட்டிதான். குடும்பப் படத்தில் யாரோ ஒருவர் நடுவில் தலையை நீட்டியிருந்தால், அங்கே ஒருவர் இருந்த சுவடே தெரியாமல் வெட்டி எடுத்துவிடுவான். வாய்தான் அடங்காது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் அறையில், அன்றன்றைக்குக் கோமாளித்தனமாக மாட்டிய முகத்தை இன்னொரு பிரதி எடுத்துச் சுவரில் குத்தி வைப்பான். பல்செட் பறக்கிற பெரியவர், பெண்டாட்டியின் கூந்தலைப் பிடித்துத் தொங்குகிற புதுமாப்பிள்ளை. எல்லாரையும்விட அவனுக்குப் பிடித்தவர்கள் அப்பாக்கள். பிள்ளையின் கையை விட்டுவிட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்ட அப்பா யாராவது சிக்கினால், "பாருங்க பாருங்க, பாசம் வழியுது!" என்று கவுன்ட்டரே அதிரச் சிரிப்பான். குரங்குச் சுவர் என்று அதற்குப் பெயர் வைத்தவன் அவன். குத்திய படத்தை யார் கேட்டாலும் எடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டவனும் அவனே. சறுக்கில் ஏறிப் பார்த்த வாசல் காவலாளியின் படம் ஒருமுறை அந்தச் சுவரில் ஏறிவிட்டது. வயதான மனிதர், "எடுத்துடு தம்பி, பேரப்புள்ளைங்க வருவாங்க" என்று கெஞ்சினார். "குரங்குக்கு ஏதுண்ணே மானம்?" என்று சொல்லி இன்னொரு குண்டூசியைக் குத்தினான்.

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் பூங்காவில் கூட்டம் நெட்டித் தள்ளும். அதனால் தன் குடும்பத்தோடு அவன் எங்கும் போனதில்லை. மகளைக் கடற்கரைக்கும் கண்காட்சிக்கும் தூக்கிக்கொண்டு போனது அவன் மைத்துனன். வீட்டு அலமாரியில் வரிசையாக இருக்கிற படங்களில் எல்லாம் அவள் மாமாவின் தோளில்தான் இருந்தாள். மாமாவை 'நீ' என்பாள். அப்பாவை, அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, 'நீங்க' என்பாள். அது அவனுக்கு உள்ளுக்குள் எரியும். மகளும் தானுமாக ஒரே ஒரு படம் வேண்டும், அதை அலமாரியின் நடுவில் வைக்க வேண்டும் என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

மேலாளரின் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு நாள் லீவு வாங்கினான். குடும்பத்தை அதே பூங்காவுக்குக் கூட்டி வந்தபோது மைத்துனனும் கூடவே வந்தான். "நான் கூப்பிடல. மாமா வரலன்னா நானும் வரலன்னு இவதான் அடம் புடிச்சா" என்றாள் மனைவி. படக்காரன் படகில் மகளை நடுவில் உட்கார வைத்து, தான் ஒரு பக்கம் உட்கார்ந்தான். மறுபக்கம் மைத்துனன். தண்ணீருக்குப் பயந்த மனைவி பைகளோடு கீழேயே நின்றுவிட்டாள்.

"பாதியில சிவப்பு லைட் எரியும். அப்ப நேராப் பாத்துச் சிரிக்கணும். என் தோள்ல சாஞ்சுக்கோ."

"பயமா இருக்கு. புடிச்சுக்குவீங்களா?"

"அப்பா இருக்கேன்ல."

படகு பாய்ந்தது. மகள் அலறிக்கொண்டு அவன் கழுத்தை இறுக்கிக் கட்டினாள். அவள் தலை அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அதே நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. முகம் மறைக்கிறதே என்ற நினைப்புதான் அவனுக்கு முதலில் வந்தது. முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டு, பல் தெரியச் சிரித்தான்.

கவுன்ட்டரில் அன்றைக்கு அவனிடம் வேலை பழகிய பெண் இருந்தாள். படத்தைத் திரையில் போட்டாள். அவன் சிரிப்பு அம்சமாக விழுந்திருந்தது. அவன் முழங்கை மகளின் கன்னத்தில் அழுந்தியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மாமாவின் சட்டையைப் பற்றியிருந்தன. மாமா குனிந்து அவளை அப்படியே மூடிக்கொண்டிருந்தான். மாமாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"பாருங்க பாருங்க, பாசம் வழியுது!" என்றாள் அந்தப் பெண். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

"அப்பா, இந்தப் படம் எனக்கு வேணும்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அலமாரி நடுவுல வைப்போமாம்மா?"

"ம். ஆனா இந்தப் பக்கத்த வெட்டிடுங்க. நானும் மாமாவும் போதும்."

"பாப்பா, அப்படில்லாம் பேசக் கூடாது" என்றான் மைத்துனன். மனைவி பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள்.

"ஆள் இருந்ததே தெரியாம அப்பா வெட்டுவாருன்னு அம்மாதானே சொல்லும்?" என்ற மகள், அவன் பக்கம் திரும்பினாள். "கையும் தெரியக் கூடாது."

படக்காரன் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். தன் சிரிப்பை வெட்டினான். கன்னத்தில் இருந்த முழங்கையை அழித்துவிட்டு அந்த இடத்தில் கன்னத்தை வரைந்து மூடினான். கைவேலை எப்போதும் போலச் சுத்தமாக இருந்தது. மகள் அந்த அட்டையை வாங்கி மாமாவிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, நனஞ்சுடும்" என்றாள்.

மறுநாள் அவன் வேலைக்கு வந்தபோது, வெட்டிப்போட்ட அந்தப் பாதியை வேலை பழகும் பெண் அச்சடித்துக் குரங்குச் சுவரின் நடுவில் குத்தி வைத்திருந்தாள். பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் அவன், அவனுடைய முழங்கை, அதன் ஓரத்தில் மகளின் தலைமுடி கொஞ்சம். எடுத்துவிடலாமென்று கையை நீட்டினான்.

அறை வாசலில் காவலாளி நின்றிருந்தார். "குரங்குக்கு ஏது தம்பி மானம்?" என்றார். பிறகு உள்ளே வந்து, ஒரு மூலை சுருண்டு நிற்பதைக் காட்டி, ஒரு குண்டூசியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

படக்காரன் அதை வாங்கி, அந்த மூலையை நீவிவிட்டுக் குத்தினான்.