டிரிஷ்ஷின் வரிசையும் என் நாற்பத்தெட்டு மணி நேரமும்

டிரிஷ் ஹாலரன் எங்கள் பல்கலைக்கழகத்துப் பெரிய கணினிக்கு வரிசை பார்ப்பவர். டவுன்ஸ்வில் வெயில் உள்ளே வராத ஒரு குளிர் அறையில் அறுபத்து நான்கு பெட்டிகள், பெட்டி நிறைய பிராசஸர்கள். அலை, புயல், பவளப்பாறை என்று ஆளுக்கொரு கணக்கை அனுப்புவோம். எத்தனை பெட்டி, எத்தனை மணி நேரம் என்று கூடவே எழுத வேண்டும். அதை நம்பித்தான் எதை எங்கே எப்போது ஓட்டுவது என்று இயந்திரம் முடிவு செய்யும். அதற்கான விதிகளை எழுதியவர் டிரிஷ்.

அதற்கு முன் பதினாறு வருடம் சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுண்டர்களுக்குப் பொறுப்பு. "இங்கயும் அதே பொழப்புதான். என்ன, இதுங்க கூப்பன் கேட்டுச் சண்டை போடாது" என்பார். யாருடைய கணக்கையும் அவர் கையால் நிறுத்தியதில்லை, முன்னே தள்ளியதுமில்லை. இயக்குநரே கேட்டபோதும், "வரிசையில நில்லுங்க சார், பிஸ்கட் தரேன்" என்றுதான் சொன்னார்.

ஒரே ஒரு தண்டனை உண்டு. தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் கேட்டவர் வெள்ளிக்கிழமைத் தேநீருக்கு கேக் செய்து வர வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் தொங்கும். அதில் என் பெயர் இல்லாத வாரம் குறைவு.

என் அப்பா இங்ஹாம் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கிடைக்கும்போதே நிறையக் கேட்டுவிட வேண்டும், கதவு மறுபடி திறக்குமோ என்னவோ என்ற பயம் எனக்கு. அது அப்பாவிடமிருந்து வந்ததா, நானே வளர்த்ததா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் கணக்கு எட்டுப் பெட்டிகளில் ஓடத் தொடங்கியது. வழக்கமாக ஒன்பது மணி நேரம் ஆகும். நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன். பத்து மணிக்கு டிரிஷ் என் மேசைக்கு வந்தார். பின்னால் ஃபிஜியிலிருந்து வந்திருந்த இசிகேலி, கையைக் கட்டிக்கொண்டு.

"ரெனாட்டா கண்ணு, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏசி ரிப்பேர். எல்லாத்தையும் அணைக்கணும். இவனுக்கு அறுபத்து நாலு பெட்டியும் ஒண்ணா வேணும், முப்பத்தாறு மணி நேரம். இன்னைக்கு ராத்திரி எட்டுக்குள்ள ஆரம்பிக்கணும்."

"என்னோடது சாயங்காலமே முடிஞ்சிடுமே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே. வியாழன் காலை வரைக்கும் நீ இடத்தை விடமாட்டேன்னு நம்புது. இவனுக்கு வழியே இல்லைன்னு, காலியாகிற பெட்டியை எல்லாம் சின்னச் சின்ன வேலைக்குக் குடுத்துக்கிட்டிருக்கு."

இசிகேலி மூன்று வாரமாகக் காத்திருந்தவன். அவன் தீவின் பாறைக்கு மேல் அலை எவ்வளவு ஏறும் என்ற கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை விமானம். அதோடு இந்தக் கணினிக்கான அவன் அனுமதியும் முடிகிறது.

"நீங்களே குறைச்சிடலாமே?"

"குறைக்கலாம். குறைக்க மாட்டேன். உன் கணக்கு, நீதான் சொல்லணும். குறைச்சா மறுபடி ஏத்த முடியாது. நேரம் முடிஞ்சா பாதியில வெட்டிடும், எல்லாம் போயிடும். அதையும் சொல்லிடறேன்."

"பரவால்லக்கா, அவங்களுக்கும் வேலை இருக்குல்ல" என்றான் இசிகேலி. அவன் கெஞ்சியிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

இந்த முறை கணக்கில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையை இன்னும் நெருக்கமாகப் போட்டிருந்தேன், நேரம் கூடலாம். ஒன்பது மணி நேரம் போதுமா? என் கணக்கைப் பற்றி எனக்கே என்ன தெரியும்? பன்னிரண்டு என்று தட்டினேன். அதாவது மாலை ஏழு மணி வரை. டிரிஷ் ஒரு பிஸ்கட்டை என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு முடியவில்லை. ஐந்துக்கும் இல்லை. திரையில் காலிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. யாரும் அவற்றில் நுழையவில்லை, எல்லாம் இசிகேலிக்காக. "இவ்வளவு சும்மா கிடக்கு, எங்களை ஏன் நிக்க வைக்கிறீங்க?" என்று பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல். "பஸ் முழுசா புக் ஆயிருக்கு, அடுத்ததுல வாங்க" என்றார் டிரிஷ். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர், அன்று கிளம்பவில்லை.

ஆறு நாற்பத்து நான்குக்கு என் கணக்கு முடிந்தது. சில நொடிகளில் அறுபத்து நான்கு பெட்டிகளும் ஒரே நிறத்துக்கு மாறின. இசிகேலி திரையைத் தொட்டுப் பார்த்தான். டிரிஷ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "முகத்தைத் துடைச்சுக்க கண்ணு" என்றார். நான் அழுததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஏசி அணைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவனுடைய கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் என் பெயர் இருந்தது: கேட்டது நாற்பத்தெட்டு, ஆனது பன்னிரண்டுக்கும் கீழே.

"நான்தான் குறைச்சேனே!"

"முதல்ல எழுதினதுதான் கணக்கு. எங்க கேக்கு?"

மேசையில் வைத்தேன். இசிகேலி சிரிக்க ஆரம்பித்தான். நாங்கள் பத்துப் பேர். நான் செய்து வந்தது மூன்று பெரிய கேக்.

"போதாம போயிட்டா என்ன பண்றதுன்னு..." என்று இழுத்தேன்.

டிரிஷ் பேனாவை எடுத்து, அடுத்த வாரப் பட்டியலில் முதல் ஆளாக என் பெயரை எழுதினார்.